கணினியின் அடிப்படை அமைப்புகளை மீட்டமைத்தல்: பயோஸ், சீமோஸ், மின்கலம்



கணினி வன்பொருள் என்னும் அலகைப் படிக்கும்போது பயோஸ், சீமோஸ் ஆகிய இரண்டு சொற்களையும் உங்களிற் பலர் ஒன்றென எண்ணுகிறீர்கள். பரீட்சையில் இக்குழப்பத்தால் ஓரிரு புள்ளிகள் போகும். ஆனால் வீட்டிலோ பாடசாலைக் கணினிக் கூடத்திலோ இதே குழப்பம் ஒருவருடைய வருடக்கணக்கான வேலையை அழித்துவிடலாம். எனக்கு அப்படித்தான் நடந்தது.

நான் கலைப் பட்டதாரி. வகுப்புக் கணினியில் இரண்டு வருடங்களாக மாதிரி வினாத்தாள்களைத் தட்டச்சிட்டுச் சேமித்து வைத்திருந்தேன். சில கிழமைகளாக அந்தக் கணினி ஒவ்வொரு காலையும் பிழையான திகதியைக் காட்டியது. நானும் ஒவ்வொரு நாளும் அதைத் திருத்திவிட்டு வேலையைத் தொடங்குவேன். ஒரு நாள் காலை விண்டோஸ் தொடங்கவில்லை. நீலத் திரை தோன்றியது. திருத்தக் கொடுத்த இடத்தில், "விண்டோஸ் பழுது, போமற் பண்ண வேணும்" என்றார்கள். நானும் சம்மதித்தேன். கணினி திரும்பி வந்தது, வினாத்தாள்கள் வரவில்லை. மறுநாள் காலை பார்த்தால் திகதி மீண்டும் பிழை! அப்போது உயர்தரத்தில் படித்துக்கொண்டிருந்த பழைய மாணவன் ஒருவன் வந்து பார்த்தான். "ரீச்சர், உள்ளுக்க இருக்கிற சின்ன பற்றரி செத்துப்போச்சு. அதை மாத்தினாக் காணும்" என்றான். தேநீரும் வடையும் வாங்கும் காசுக்குள் முடிந்திருக்க வேண்டிய வேலை அது.

அன்று எனக்குத் தெரியாதிருந்தவற்றையே இப்பாடத்தில் உங்களுக்கு ஒழுங்காகச் சொல்லப்போகிறேன்.

1. மூன்று இடங்களைப் பிரித்தறிக

கணினியில் தகவல் நிலைத்திருக்கும் இடங்களுள் பின்வரும் மூன்றையும் தெளிவாகப் பிரித்து மனதிற் பதியுங்கள்.

(அ) பயோஸ்: இது ஒரு செய்நிரல். தாய்ப்பலகையிலுள்ள ஒரு சில்லில் எழுதப்பட்டிருக்கும். மின் இல்லாவிட்டாலும் அழியாது. கணினியை எவ்வாறு தொடக்குவது என்னும் அறிவுறுத்தல்கள் இதில் உள்ளன.

(ஆ) சீமோஸ் நினைவகம்: பயோஸ் செய்நிரல் பார்த்து நடக்கும் குறிப்புப் புத்தகம் எனலாம். திகதி, நேரம், எந்தச் சாதனத்திலிருந்து தொடங்குவது, வன்தட்டை எந்த முறையில் இயக்குவது, கடவுச்சொல் உண்டா இல்லையா போன்ற அமைப்புகள் இதில் இருக்கும். மின் நின்றால் இது அழியும். எனவே இதற்குத் தனியாக ஒரு சிறு மின்கலம் உண்டு.

(இ) வன்தட்டு: பணிசெயல் முறைமையும் உங்கள் கோப்புகளும் இங்கே உள்ளன. மின்கலத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை.

மீட்டமைத்தல் என்பது (ஆ) இல் உள்ள அமைப்புகளை மாத்திரம், தாய்ப்பலகை தொழிற்சாலையிலிருந்து வந்தபோது இருந்த இயல்புநிலைக்குக் கொண்டுவருதல் ஆகும். (அ) இலும் (இ) இலும் இது கைவைப்பதில்லை. போமற் செய்தல் என்பது (இ) ஐத் துடைப்பதாகும். நோய் (ஆ) இல் இருக்க, மருந்தை (இ) இற்குக் கொடுத்ததே என் கணினிக்கு நேர்ந்தது.

2. கணினி தொடங்கும் ஒழுங்கு

ஆளியை அழுத்தியதும் நடப்பவை வருமாறு:

• மத்திய செயற்பாட்டு அலகு முதலில் பயோஸ் செய்நிரலை வாசிக்கும்.
• பயோஸ், நினைவகம், சாவிப்பலகை, திரை அட்டை முதலியவை சரியாக உள்ளனவா எனச் சோதிக்கும். இது தொடக்கச் சுயசோதனை எனப்படும். பிழை இருந்தால் திரையில் செய்தி தோன்றும் அல்லது பீப் ஒலி கேட்கும். ஒலிகளின் எண்ணிக்கைக்குரிய பொருள் உற்பத்தியாளருக்கு உற்பத்தியாளர் வேறுபடும்.
• பின்னர் பயோஸ், சேமிக்கப்பட்ட அமைப்புகளைப் பார்த்து, எந்தச் சாதனத்திலிருந்து தொடங்க வேண்டும் என அறியும்.
• அச்சாதனத்திலுள்ள பணிசெயல் முறைமையை முதன்மை நினைவகத்துக்கு ஏற்றி, பொறுப்பை அதனிடம் ஒப்படைக்கும்.

மூன்றாம் படியில் அமைப்பு பிழையாக இருந்தால், வன்தட்டு நலமாக இருந்தாலும் கணினி தொடங்காமற் போகலாம். இதனை மறவாதீர்கள்.

3. சிறு வரலாறும் சில எண்களும்

பயோஸ் என்னும் பெயர், 1970களில் காரி கில்டால் உருவாக்கிய சிபி/எம் என்னும் பணிசெயல் முறைமையில் முதன்முதல் தோன்றியது. 1981இல் வெளிவந்த ஐபிஎம் பீசீயில் அமைப்புகளைச் சேமிக்கும் நினைவகம் இருக்கவில்லை. தாய்ப்பலகையிலுள்ள சிறு ஆளிகளைக் கையால் மேலும் கீழும் தள்ளியே அமைப்புகளை மாற்றினார்கள். 1984இல் வந்த ஐபிஎம் பீசீ ஏரீ மாதிரியில்தான் மின்கலத்தால் இயங்கும் கடிகாரச் சில்லும் அதனுடன் சீமோஸ் நினைவகமும் சேர்க்கப்பட்டன. அச்சில்லின் கொள்ளளவு வெறும் 64 பைற்றுகள். அதிலும் 14 பைற்றுகள் கடிகாரத்துக்கும் அதன் கட்டுப்பாட்டுக்கும் போக, மிகுதி 50 பைற்றுகளே அமைப்புகளுக்குக் கிடைத்தன.

கடிகாரத்தை ஓட்டுவது செக்கனுக்கு 32,768 தடவை அதிரும் ஒரு குவாட்ஸ் பளிங்கு ஆகும். ஏன் இந்த எண்? துவித எண்களைப் படித்த உங்களுக்கு விடை தெரிந்திருக்க வேண்டும். 2 இன் 15ஆம் வலு 32,768 ஆகும். இதனைப் 15 தடவை இரண்டால் வகுத்தால் செக்கனுக்கு ஒரு துடிப்புக் கிடைக்கும். இரண்டால் வகுத்தல் இலத்திரனியற் சுற்றுக்கு மிக எளிய வேலை.

மேசைக் கணினிகளிற் பெரும்பாலும் காணப்படும் மின்கலம் சீஆர் 2032 ஆகும். இது 3 வோற்று நாணய வடிவ இலிதியம் மின்கலம். எண்ணைப் பிரித்து வாசியுங்கள்: 20 என்பது விட்டம் 20 மி.மீ.; 32 என்பது தடிப்பு 3.2 மி.மீ. கடையில் சீஆர் 2025 தந்தால் வாங்காதீர்கள். விட்டம் ஒன்றாயினும் அதன் தடிப்பு 2.5 மி.மீ. மட்டுமே, தாங்கியில் இறுகப் பொருந்தாது.

சுவர்ச் செருகியில் மின் இருக்கும்வரை, கணினி நிறுத்தப்பட்டிருந்தாலும், கடிகாரத்துக்கு வலு வழங்கியிலிருந்தே மின் கிடைக்கும். செருகியைக் கழற்றினாலோ மின்வெட்டு ஏற்பட்டாலோதான் மின்கலத்தின் வேலை தொடங்கும். நமது நாட்டில் 2022ஆம் ஆண்டு மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது. அவ்வளவு நேரமும் கடிகாரத்தைத் தனியாகச் சுமந்தது இந்தச் சிறு மின்கலமே. பிரதான ஆளியை நிறுத்திவிட்டு நீண்ட விடுமுறைக்குப் போகும் பாடசாலைக் கூடங்களிலும் இதே நிலைதான்.

இக்காலக் கணினிகளைப் பற்றி ஒரு குறிப்பு: புதிய கணினிகளில் பழைய பயோஸின் இடத்தை யூஈஎப்ஐ என்னும் செய்நிரல் பிடித்துள்ளது. அவற்றில் அமைப்புகளின் ஒரு பகுதி மின் இல்லாமலே நிலைக்கும் பிளாஷ் நினைவகத்தில் எழுதப்படும். எனினும் கடிகாரத்துக்கு மின்கலம் தேவை. பேச்சுவழக்கில் இன்றும் இதனைப் பயோஸ் என்றே சொல்கிறோம்.

4. மீட்டமைக்க வேண்டிய அறிகுறிகள்

(i) கணினியைத் தொடக்கும்போதெல்லாம் திகதியும் நேரமும் பல வருடங்கள் பின்னோக்கிப் போயிருத்தல். இணைய இணைப்பு இருந்தால் சில வேளைகளில் விண்டோஸ் தானே திருத்திக்கொள்ளலாம். எனவே பலர் இதனைக் கவனிப்பதில்லை.

(ii) இணையத்தளங்களைத் திறக்கும்போது, இணைப்புப் பாதுகாப்பற்றது என்னும் எச்சரிக்கை தோன்றுதல். தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்களுக்குத் தொடக்கத் திகதியும் முடிவுத் திகதியும் உண்டு. உங்கள் கணினி 2009 என்று நினைத்துக்கொண்டிருந்தால், இன்றைய சான்றிதழ் அதற்கு இன்னும் பிறக்காத ஒன்றாகும்.

(iii) 'சீமோஸ் செக்சம் எரர்' அல்லது 'சீமோஸ் பற்றரி லோ' என்னும் செய்தி தோன்றுதல். செக்சம் என்பது சரிபார்ப்புக் கூட்டுத்தொகை. உதாரணமாக, 12, 7, 30 ஆகிய மூன்று அமைப்புகள் சேமிக்கப்பட்டுள்ளன என்க. கூட்டுத்தொகை 49உம் உடன் சேமிக்கப்படும். மின்கலம் பலவீனமாகி 30 என்பது 0 ஆகிவிட்டால் கூட்டுத்தொகை 19 ஆகும். 19 உம் 49 உம் ஒத்துப்போகாமையால், அமைப்புகளை நம்ப முடியாது எனப் பயோஸ் அறிந்துகொள்ளும். உண்மையான கணிப்பு இதைவிடச் சிறிது வேறுபடலாம், தத்துவம் இதுவே.

(iv) நினைவகத்தின் வேகம் போன்ற ஓர் அமைப்பை மாற்றிய பின் திரையில் எதுவும் தோன்றாமை.

(v) புதிய நினைவகம் அல்லது செயற்பாட்டு அலகு பொருத்திய பின் கணினி தொடங்காமை.

5. தொடங்கு முன் செய்ய வேண்டியவை

• கணினி ஓரளவேனும் இயங்கினால் முக்கிய கோப்புகளைப் பென் ட்றைவில் பிரதி எடுங்கள். மீட்டமைத்தல் கோப்புகளை அழிக்காது. எனினும் பிரதி எடுக்காமல் எந்தத் திருத்த வேலையையும் தொடங்கக் கூடாது.

• அமைப்புத் திரைக்குள் சென்று இப்போதைய அமைப்புகளைத் தாளில் எழுதுங்கள் அல்லது கைபேசியாற் படம் எடுங்கள். குறிப்பாக இரண்டு விடயங்கள்: தொடங்கும் சாதனங்களின் ஒழுங்கு, வன்தட்டு இயங்கும் முறை (ஏஎச்சிஐ, ஐடிஈ, றெயிட் என்பவற்றுள் எது).

• விண்டோஸில் பிற்லொக்கர் என்னும் மறைகுறியாக்கம் இயங்குகிறதா எனப் பாருங்கள். இயங்கினால், அமைப்புகள் மாறியதும் 48 இலக்க மீட்பு எண்ணைக் கணினி கேட்கலாம். அந்த எண் கையில் இல்லாவிட்டால் கோப்புகளைத் திறக்க முடியாது.

• பாடசாலைக் கணினியாயின் ஆசிரியரின் அனுமதி வேண்டும். உத்தரவாதக் காலம் முடியாத கணினியைத் திறக்காதீர்கள்.

6. மீட்டமைக்கும் மூன்று முறைகள்

எளியதிலிருந்து கடினமானதுக்குச் செல்க. முதல் முறை பலித்தால் அடுத்தது தேவையில்லை.

முறை 1: அமைப்புத் திரையினூடாக

கணினியைத் தொடக்கியவுடன் டிலீற் சாவியை அல்லது எஃப்2 சாவியைத் திரும்பத் திரும்ப அழுத்துங்கள். சில கணினிகளில் எஃப்1, எஃப்10 அல்லது எஸ்கேப் ஆகும். தொடக்கத் திரையின் அடியில் எழுதியிருக்கும். உள்ளே 'லோட் டிபோல்ற்ஸ்' என்னும் பொருள்படும் தெரிவைத் தெரிவு செய்யுங்கள். பல கணினிகளில் இதற்கு எஃப்9 சாவி உண்டு. பின் சேமித்து வெளியேறுங்கள். இதற்குப் பெரும்பாலும் எஃப்10 ஆகும். சேமிக்காமல் வெளியேறினால் எதுவும் மாறாது.

முறை 2: ஜம்பர் மூலம்

திரையே வராதபோது இம்முறை உதவும். முதலில் கணினியை நிறுத்தி, சுவர்ச் செருகியைக் கழற்றுங்கள். ஆளியை நிறுத்தினால் மட்டும் போதாது. முறைமை அலகின் பக்கத் தகட்டைத் திறந்து, உள்ளேயுள்ள வர்ணம் பூசாத உலோகப் பகுதியை ஒரு தடவை தொடுங்கள். உங்கள் உடலிலுள்ள நிலைமின் சில்லுகளைப் பழுதாக்காதிருக்கவே இது.

மின்கலத்துக்கு அருகே பெரும்பாலும் மூன்று ஊசிகளும், அவற்றில் இரண்டை மூடிய சிறு பிளாஸ்ரிக் தொப்பியும் இருக்கும். பக்கத்தில் 'கிளியர் சீமோஸ்' என்பதன் சுருக்கம் அச்சிடப்பட்டிருக்கும். பொதுவாக 1, 2ஆம் ஊசிகளில் தொப்பி இருப்பது வழமையான நிலை. அதனை 2, 3ஆம் ஊசிகளுக்கு மாற்றி, ஏறத்தாழ 10 செக்கன் விட்டு, பழையபடி 1, 2 இற்குக் கொண்டுவருக. தொப்பி மாறிய நிலையில் மின் கொடுக்கக் கூடாது. சில தாய்ப்பலகைகளில் இரண்டு ஊசிகள் மட்டும் இருக்கும். இவ்வேறுபாடுகளை அறியத் தாய்ப்பலகையின் கைந்நூலைப் பாருங்கள்.

முறை 3: மின்கலத்தை அகற்றல்

செருகியைக் கழற்றி, நிலைமின் நீக்கிய பின், மின்கலத் தாங்கியின் ஓரத்திலுள்ள சிறு கொளுவியை மெதுவாகத் தள்ளுங்கள்; மின்கலம் மேலெழும். கூரிய உலோகத்தால் நெம்பாதீர்கள். பின்னர் கணினியின் ஆளியைச் சில செக்கன்கள் அழுத்திப் பிடியுங்கள். கொள்ளளவிகளில் எஞ்சியுள்ள மின்னேற்றம் இதனால் வெளியேறும். ஏறத்தாழ ஐந்து நிமிடங்களின் பின் மின்கலத்தை, + அடையாளம் மேலே தெரியும்படி பொருத்துங்கள். பழைய மின்கலமாயின் இதுவே புதியதைப் போடும் நேரம்.

எச்சரிக்கை: வலு வழங்கிப் பெட்டியை ஒருபோதும் திறக்காதீர்கள். செருகியைக் கழற்றிய பின்னும் அதனுள் ஆபத்தான மின்னேற்றம் இருக்கலாம். கழற்றிய மின்கலத்தை மேசையில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். சிறு பிள்ளை விழுங்கினால், இரண்டு மணித்தியாலத்துக்குள்ளேயே உணவுக் குழாயிற் கடும் புண் உண்டாகலாம். அப்படி நேர்ந்தால் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

7. மீட்டமைத்த பின்

அமைப்புத் திரைக்குள் மீண்டும் சென்று திகதி, நேரம் ஆகியவற்றைச் சரிசெய்க. எழுதிவைத்த தாளைப் பார்த்து, தொடங்கும் ஒழுங்கையும் வன்தட்டு முறையையும் முன்பிருந்தவாறே அமைத்துச் சேமிக்க.

என் கணினியில் விண்டோஸ் நிறுவப்பட்டது ஏஎச்சிஐ முறையில். மின்கலம் முற்றாக இறந்தபோது அமைப்புகள் இயல்புநிலைக்குத் திரும்பி, வன்தட்டு முறை ஐடிஈ ஆகிவிட்டது. தனக்குப் பழக்கமில்லாத முறையில் வன்தட்டைக் கண்ட விண்டோஸ் நீலத் திரையைக் காட்டி நின்றது. அமைப்புத் திரையில் அந்த ஒரு வரியைப் பழையபடி மாற்றியிருந்தால் போதும். கோப்புகள் அனைத்தும் அப்படியே இருந்திருக்கும். போமற் செய்து விண்டோஸைப் புதிதாக நிறுவியபோது, அது ஐடிஈ முறைக்கேற்ப நிறுவப்பட்டமையால் தொடங்கியது. எனவே பழுது தீர்ந்ததுபோலத் தோன்றியது. உண்மையான பழுதான மின்கலம் உள்ளே அப்படியே இருந்தது.

8. எவற்றுக்கு இது மருந்தாகாது?

• வன்தட்டின் பௌதிகப் பழுது, நச்சுநிரல், விண்டோஸ் கோப்புகளின் சிதைவு ஆகியவற்றை மீட்டமைத்தல் தீர்க்காது.

• பயோஸ் செய்நிரலே அழிந்தாலும் தீர்க்காது. சீஐஎச் என்னும் நச்சுநிரல் 1999 ஏப்ரல் 26ஆந் திகதி பல நாடுகளிற் கணினிகளைத் தாக்கியது. அது வன்தட்டின் தொடக்கப் பகுதியை அழித்ததோடு, சில கணினிகளில் பயோஸ் சில்லின் மீதும் எழுதியது. அக்கணினிகளில் மின்கலத்தைக் கழற்றிப் போட்டுப் பயனில்லை. சில்லை மாற்றவோ மீண்டும் எழுதவோ வேண்டியிருந்தது.

• மடிக்கணினியின் பயோஸ் கடவுச்சொல் பெரும்பாலும் வேறு நிலையான நினைவகத்தில் இருப்பதால், மின்கலத்தை அகற்றினாலும் போகாது.

9. பயிற்சி வினாக்கள்

1. சீமோஸை மீட்டமைக்கும்போது அழிவது எது?
(1) வன்தட்டிலுள்ள ஆவணங்கள் (2) பயோஸ் செய்நிரல் (3) பயனர் மாற்றிய வன்பொருள் அமைப்புகள் (4) பணிசெயல் முறைமை

2. சீஆர் 2032 மின்கலத்தின் தடிப்பு யாது?
(1) 2.0 மி.மீ. (2) 3.2 மி.மீ. (3) 20 மி.மீ. (4) 32 மி.மீ.

3. ஒரு கணினி வழமையான நாள்களிற் சரியான திகதியைக் காட்டுகிறது. மின்வெட்டு ஏற்பட்ட மறுநாள் மட்டும் பிழையான திகதியைக் காட்டுகிறது. காரணத்தை விளக்குக.

4. உங்கள் நண்பர் மின்கலத்தை மாற்றிய பின் விண்டோஸ் நீலத் திரையுடன் நிற்கிறது. "போமற் செய்வோம்" என்கிறார். நீங்கள் கூறும் ஆலோசனை யாது?

விடைகள்

1. (3)

2. (2)

3. செருகியில் மின் உள்ளபோது கடிகாரம் வலு வழங்கியிலிருந்து மின் பெறும். மின்வெட்டின்போது மின்கலம் மாத்திரமே மின் வழங்க வேண்டும். அது பலவீனமடைந்துள்ளதால் கடிகாரம் நின்று திகதி அழிகிறது. மின்கலத்தை மாற்ற வேண்டும்.

4. போமற் செய்ய வேண்டாம். அமைப்புத் திரைக்குள் சென்று வன்தட்டு இயங்கும் முறை மாறியுள்ளதா எனப் பார்த்து, முன்பிருந்த முறைக்கு மாற்றிச் சேமிக்க வேண்டும். அதன் பின்னும் தொடங்காவிட்டால், வன்தட்டைக் கழற்றி வேறொரு கணினியில் இணைத்துக் கோப்புகளைப் பிரதி எடுக்க வேண்டும். போமற் செய்வதைப் பற்றி அதற்குப் பிறகே பேசலாம்.